போகப் போகச் சரியாயிடுமா?

சென்னை ஆஸ்பத்திரிகளில் சீட்டு எழுதாமலே கொடுக்கப்படும் மருந்து ஒன்று உண்டு. "போகப் போகச் சரியாயிடும்மா!" என்பதுதான் அது. அரசு மருத்துவமனை வார்டிலும் கிடைக்கும், அடையாறில் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்க்கும் ஸ்பெஷலிஸ்ட் அறையிலும் கிடைக்கும். பலமாக அடிபட்ட குழந்தையின் அம்மா, டாக்டர் ஃபைலை மூடப்போகும் நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்கும் ஒரு கேள்விக்கு இதுதான் பதில். கேள்வி: "ராத்திரியில தூங்கவே மாட்டேங்கிறான் சார்... என்ன பண்றது?"

இந்தப் பதில் முழுப் பொய்யாக இருந்தால் பிரச்சினையே இல்லை, யாராவது எதிர்த்துக் கேட்டிருப்பார்கள். பாதி உண்மை என்பதால்தான் இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது!

மந்தைவெளியில் ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளலாம். வயது 9. டியூஷன் முடிந்து அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது லஸ் கார்னர் பக்கம் தண்ணீர் லாரி இடிக்கிறது. தொடை எலும்பு முறிவு, தலையில் அடி. கம்பி வைத்து ஆபரேஷன், தலைக்கு ஸ்கேன், "ஸ்கேன் நார்மல்" என்ற நல்ல சேதி, மூன்று வாரத்தில் வீடு. பிள்ளை பிழைத்தது என்று கபாலீஸ்வரர் கோயிலில் அர்ச்சனை. சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து போகிறார்கள். "ஆம்பளப் புள்ள, தைரியமா இருக்கணும், அழக்கூடாது" என்று ஒரு மாமா தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார்.

அதற்குப் பிறகு நடப்பது எந்த ஃபைலிலும் இல்லை. பத்து மணிக்கு லைட்டை அணைத்தால் தண்ணீர் கேட்கிறான். பத்தரைக்கு பாத்ரூம். பதினோரு மணிக்கு "அப்பா எங்க?" என்கிறான், அப்பா பக்கத்திலேயே படுத்திருக்கிறார். இரண்டு மணிக்கு வியர்த்து, கத்திக்கொண்டு எழுகிறான். ஐந்து வருடத்துக்கு முன் நின்றுபோன படுக்கை நனைப்பது திரும்ப வந்துவிட்டது. அந்த வெட்கம் வேறு! பகலில் தங்கச்சியின் ஸ்கேலைப் பிடுங்கி உடைக்கிறான். தெருவில் லாரி ஹாரன் கேட்டால் கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். என்னடா என்று கேட்டால் "ஒண்ணுமில்ல."

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தால் எலும்பு இருக்கிறது, தையல் இருக்கிறது, ஆன்டிபயாடிக் இருக்கிறது, எத்தனை வாரம் கழித்து எக்ஸ்-ரே என்று இருக்கிறது. "தூக்கம் எப்படி?" என்ற இரண்டே வார்த்தைக்கு ஒரு கட்டம் கிடையாது.

தமிழ்நாட்டு அரசின் ஒரு நல்ல திட்டத்தை இங்கே சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48'. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்துக்காரர், கார்டு இருக்கிறதா என்றெல்லாம் கேட்பதில்லை. உயிர் போகும் நேரத்தில் பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்பது பெரிய விஷயம், அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்த 48 என்ற எண் மனதில் இருக்கட்டும். ஏனென்றால் குழந்தையின் பயம் ஒரு வியாதி என்று மருத்துவம் பெயர் வைப்பதே அதற்கெல்லாம் வெகு நாள் கழித்துத்தான். முதல் மூன்று நாட்களுக்கு எந்தப் பெயரும் இல்லை. மூன்று நாளிலிருந்து ஒரு மாதம் வரை நீடித்தால் அதற்கு ஒரு பெயர், ஒரு மாதத்தைத் தாண்டியும் இருந்தால்தான் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தம், அதாவது பி.டி.எஸ்.டி. ஆக, உடம்புக்கான கடிகாரம் ஓடி முடிந்த பிறகுதான் மனதுக்கான காலண்டரே ஆரம்பிக்கிறது. அந்தக் காலண்டரைப் பார்க்க ஆள் இல்லை!

ஏன் ராத்திரியில்? பகலில் டி.வி. இருக்கிறது, பார்க்க வருபவர்கள் இருக்கிறார்கள், செல்போன் இருக்கிறது. விளக்கை அணைத்தால் எதுவும் இல்லை. ஆபத்து வந்தபோது விழித்துக்கொண்ட உடம்பின் காவல்காரன் இன்னும் தூங்கப் போகவில்லை. இதயம் வேகமாக அடிக்கிறது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப் போடுகிறது. தூங்குவது என்றால் காவலை விடுவது. அதற்குத்தான் குழந்தை மறுக்கிறது. இதற்கு மேல் வலி. மாலை மாத்திரையின் வேகம் நள்ளிரவில் குறையும். தீபாவளிப் பட்டாசில் சுட்டுக்கொண்ட குழந்தை என்றால், ஆறி வரும் தோலின் அரிப்பு மாதக்கணக்கில் ராத்திரியில் பிடுங்கித் தின்னும். தலையில் அடி என்றால் "ஸ்கேன் நார்மல்" என்பதற்கு ரத்தக்கசிவு இல்லை, எலும்பு உடையவில்லை என்றுதான் அர்த்தம். அதிர்ந்துபோன மூளை ஸ்கேனில் தெரியாது. தலைவலி, எரிச்சல், கவனக்குறைவு, கெட்டுப்போன தூக்கம் என்று வாரக்கணக்கில் வெளியே தெரியும்.

ஆஸ்பத்திரியே தூக்கத்தைக் கெடுக்கும் இடம் என்பதை யாரும் ஒத்துக்கொள்வதில்லை. ஐ.சி.யூ.வில் விளக்கு அணைவதில்லை. மானிட்டர் ஓயாமல் சத்தம் போடும். இரண்டு மணிக்கு டெம்பரேச்சர், ஐந்து மணிக்கு ரத்தம். பக்கத்துக் கட்டிலை திடீரென்று திரை போட்டு மூடுவார்கள், காலையில் அந்தக் கட்டில் காலியாக இருக்கும். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லியிருப்பார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது என்னவென்று புரியாது என்று நினைப்பவர்கள் ஒன்பது வயதில் எப்படி இருந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இப்போது எதிர்க்கட்சிக்காரரின் வாதம். "பெரும்பாலான குழந்தைகள் தானாகவே தேறிவிடுகிறார்கள்." உண்மை! அதை மறைப்பது நேர்மையில்லை. 2014-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 43 தனித்தனிக் குழுக்களில் இருந்த 3563 குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களில் பி.டி.எஸ்.டி. வந்தது சுமார் 16 சதவீதம் பேருக்கு. மனிதர் கையால் நடந்த வன்முறை இல்லாமல் விபத்து, இயற்கைச் சீற்றம் போன்றவற்றை மட்டும் எடுத்தால் சுமார் பத்து சதவீதம். அதாவது பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அந்த டாக்டர் சொன்னது சரி. ஆனால் அவர் எந்தப் பத்தாவது குழந்தையிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டால்தானே தெரியும்! பத்து பேருக்குக் காய்ச்சல் வந்தால் ஒருவருக்குத்தான் டெங்கு என்பதற்காக யாரும் ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்வதில்லை.

அந்தப் பத்தாவது குழந்தைக்கு "போகப் போக" என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வேல்ஸில் அபர்ஃபான் என்ற சுரங்கக் கிராமம். 1966 அக்டோபர் 21 காலை, நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். தப்பிய பிள்ளைகளில் 41 பேரை 33 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தார்கள். 46 சதவீதம் பேருக்கு வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் பி.டி.எஸ்.டி. இருந்திருக்கிறது. 29 சதவீதம் பேருக்கு அப்போதும் இருந்தது. 33 வருடம் போகப் போகவும் சரியாகவில்லை.

அபர்ஃபான் எதற்கு, கும்பகோணம் இல்லையா? 2004 ஜூலை 16. கூரைக் கொட்டகை வகுப்பறையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் போனார்கள். 18 பேர் காயத்தோடு பிழைத்தார்கள். அதன் பிறகு கீற்றுக்கொட்டகை பற்றி உத்தரவுகள் வந்தன, விசாரணைக் கமிஷன் வந்தது, 2014-ல் தஞ்சாவூர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, இழப்பீட்டுக்காக உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. ஒவ்வொரு ஜூலை 16-லும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், போனவர்களுக்காக. பிழைத்தவர்களின் ராத்திரிகள் எப்படி என்பது எந்த வருடமும் தலைப்புச் செய்தியானதில்லை.

சென்னைக்கே திரும்பி வரலாம். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிறுமியை மாடு கொம்பால் தூக்கி அடித்து முட்டியது. அந்த சிசிடிவி காட்சியை எத்தனை சேனல், எத்தனை தடவை! வாட்ஸப் குரூப் பாக்கியில்லை. 2024 மே 5 அன்று நுங்கம்பாக்கம் மாடல் ஸ்கூல் சாலையில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. இரண்டு சம்பவத்திலும் நகரம் கொதித்தது. எதைப் பற்றி? மாட்டுக்கு எவ்வளவு அபராதம், நாய்க்கு லைசென்ஸ் இருந்ததா, எந்த ஜாதி நாயைத் தடை செய்ய வேண்டும், வாய்க்கு மூடி போட வேண்டுமா. எல்லாம் தேவையான பேச்சுதான். ஆனால் வாரக்கணக்கில் நடந்த அந்த விவாதத்தில் நாயைப் பற்றித் தெரிந்துகொண்ட அளவுக்கு, நாய் கடித்த குழந்தைக்கு அடுத்த ஆறு மாதம் என்ன தேவைப்படும் என்று யாராவது தெரிந்துகொண்டார்களா? ஒரு குழந்தை அடிபடும் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுபவர்களுக்கு, பிறகு அதே குழந்தை அதைத் தன் வீட்டு டி.வி.யில், வகுப்புத் தோழனின் செல்போனில் பார்க்க நேரிடும் என்பது தோன்றவே தோன்றாதா?

ஒரு வேடிக்கை. இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்பவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள், படித்தவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "குழந்தை பயந்திருக்கு. ராத்திரி திடுக்கிட்டு எழுந்துக்குதா? பேந்தப் பேந்த முழிக்குதா? சோறு இறங்குதா?" என்று கேட்பது மயிலாப்பூர் பாட்டிதான். வேப்பிலையால் மந்திரிப்பவரிடமும், மாலைத் தொழுகை முடிந்து மசூதி வாசலில் வருபவரிடம் ஓதி ஊதச் சொல்லியும் குழந்தையை நீட்டுகிறார்கள். தாயத்தில் ஒன்றும் இல்லை, சரி. ஆனால் 'பயந்த கோளாறு' என்று ஒரு பெயர் இருந்தது, அதன் அடையாளம் தூக்கத்தில் தெரியும் என்ற அறிவு இருந்தது, யாரோ ஒரு பெரியவர் குழந்தையின் தலையில் கை வைத்து "இனி பயமில்லை" என்று சொல்லும் ஒரு நாள் இருந்தது. அதை மூடநம்பிக்கை என்று தூக்கிப் போட்டவர்கள் அந்த இடத்தில் எதை வைத்தார்கள்? "ஸ்கேன் நார்மல்!"

நீதிமன்றத்துக்குப் போனால் இன்னும் விசேஷம். சென்னையில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சிறுவழக்கு நீதிமன்றத்தில் இயங்குகிறது. 2013 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், விபத்தில் ஊனமடைந்த ஒரு சிறுவனின் வழக்கில், சம்பாதிக்காத குழந்தைக்கு எப்படி இழப்பீடு கணக்கிடுவது என்று ஒரு வழி சொன்னது. குழந்தையின் நஷ்டம் என்பது வலி, அதிர்ச்சி, மனமுறிவு, சாதாரண சந்தோஷங்களை இழப்பது என்று அந்தத் தீர்ப்பே ஒத்துக்கொள்கிறது. மனிதாபிமானம் உள்ள வரிகள். ஆனால் அடுத்து வரும் கணக்கு? மருத்துவச் செலவு போக, முழு உடம்பின் ஊனம் 10 சதவீதம் வரை என்றால் 1 லட்சம். 10-க்கு மேல் 30 வரை 3 லட்சம். 60 வரை 4 லட்சம், 90 வரை 5 லட்சம், அதற்கும் மேல் 6 லட்சம். அதிர்ச்சி என்று ஆரம்பித்தது சதவீதத்தில் முடிந்துவிட்டது! மந்தைவெளிப் பையனின் எலும்பு நன்றாகக் கூடிவிட்டால் அவனுடைய சதவீதம் இறங்கும், தொகையும் இறங்கும். வக்கீலும் வழக்கை எலும்பு டாக்டரின் சான்றிதழை வைத்துத்தான் நடத்துவார். ஒரு வருடமாக விளக்கை அணைக்க விடாத குழந்தைக்கு எத்தனை சதவீதம்? கேட்டால் சாட்சி எங்கே என்பார்கள். சாட்சி எப்படி இருக்கும், டிஸ்சார்ஜ் சம்மரியில் அதற்குக் கட்டமே இல்லையே! ஆஸ்பத்திரி எழுதாததால் நீதிமன்றம் பார்ப்பதில்லை, நீதிமன்றம் கேட்காததால் ஆஸ்பத்திரி எழுதுவதில்லை.

இன்ஷூரன்ஸும் இப்படித்தான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு என்ன அடிப்படையோ அதே அடிப்படையில் மனநோய் சிகிச்சைக்கும் காப்பீடு தரவேண்டும் என்று 21-வது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் மருத்துவர் எழுதாத நோய்க்கு யாரிடம் கிளெய்ம் போடுவது?

பள்ளிக்கூடம் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதம் லீவு, திரும்பி வந்த மறுநாளே விட்டுப்போன நோட்ஸ், டெஸ்ட். தி.நகரிலும் அடையாறிலும் பெயர் போன பள்ளிகளில் இடம் வாங்கிய பெற்றோர் மார்க் குறைந்ததைத்தான் முதலில் கவனிக்கிறார்கள். ராத்திரி நாலு மணி நேரம் தூங்கிய பிள்ளை கணக்குப் பீரியடில் கண் மூடினால் அது சோம்பேறித்தனம். ஆக்சிடென்டுக்குப் பிறகு செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்ற பட்டமும் சேரும்.

"இதுக்கெல்லாம் ஆள் எங்க, பணம் எங்க?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் கடல் தாண்டித் தமிழ் பேசும் மண்ணின் பக்கமே இருக்கிறது. போரும் 2004 சுனாமியும் சேர்ந்து அடித்த வடகிழக்கு இலங்கையில், புதிதாகப் போட்ட முகாம் ஒன்றில், 8 முதல் 14 வயது வரையிலான 31 குழந்தைகளுக்கு ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஒரு பாதிக்கு, நடந்த கதையை வரிசையாகச் சொல்லவைத்தார்கள். இன்னொரு பாதிக்கு தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். 2009-ல் வெளியான ஆய்வு இது. 31 பேர் சின்ன எண்ணிக்கைதான், சிகிச்சையே தராத குழு ஒன்றை ஒப்பிடவும் இல்லை. ஆனாலும் கூரையில்லாத இடத்தில் செய்ததை, தெருவுக்கு நாலு கிளினிக் இருக்கும் ஊரில் செய்ய முடியாதா? சந்தேகப்படும் குழந்தையைக் கண்டுபிடிக்க எட்டே கேள்விகள் கொண்ட, இலவசமாகவே கிடைக்கும் கேள்வித்தாள்கூட உலகத்தில் இருக்கிறது. ஒரு நர்ஸுக்குப் பத்து நிமிட வேலை.

இன்னொரு பக்கத்து ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை தூங்கவில்லை என்றதும் மெடிக்கல் ஷாப்பில் சளி சிரப்பைக் கேட்டு வாங்கி ஊற்றித் தூங்கவைக்கும் பழக்கம் இருக்கிறது. சில இடங்களில் மாத்திரையே எழுதிவிடுகிறார்கள். 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு பி.டி.எஸ்.டி.க்காக மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2018-ல் நேராகவே சொல்லிவிட்டது. அடிபட்ட மறுவாரமே உட்காரவைத்து ஒரே ஒரு தடவை "எல்லாத்தையும் சொல்லிடு" என்று கிண்டிக் கிளறுவதாலும் தனிப் பலன் இல்லை என்று ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. பலன் தருவது நிதானமான வேலை. பெற்றோரையும் கூட வைத்துக்கொண்டு, பல வாரங்களில், குழந்தையின் வேகத்துக்கு நடந்ததைப் பேசுவது, பயமான இடத்தை முதலில் தூரத்திலிருந்து, பிறகு கொஞ்சம் கிட்டத்திலிருந்து பார்க்கவைப்பது. கெட்ட கனவைப் படமாக வரைந்து முடிவை மாற்றச் சொல்வது. வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது: தினமும் ஒரே நேரத்தில் படுக்கை, சின்ன விளக்கு எரியட்டும், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் படுத்து, பிறகு மெல்ல மெல்ல விலகி வருவது, நனைந்த படுக்கைக்குத் திட்டாமல் இருப்பது. இதைச் சொல்லித்தர ஒரு பக்கத் தாள் போதும். ஒரு மாதம் ஆகியும் குறையவில்லை என்றால் எங்கே போவது என்று அதன் அடியில் எழுதலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் 14416 என்ற எண்ணை அந்தத் தாளில் அச்சடிக்க எவ்வளவு மை ஆகிவிடும்? ஆழ்வார்பேட்டையிலும் அடையாறிலும் குழந்தை மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் ஒரு அமர்வுக் கட்டணம் பட்டினப்பாக்கத்து ஆட்டோக்காரரின் ஒரு நாள் வருமானத்தை விழுங்கிவிடும். ஆறு அமர்வுக்கு அவர் எங்கே போவார்?

ஆறாவது வாரம். மந்தைவெளிப் பையனுக்கு ரிவ்யூ. எக்ஸ்-ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பர்ஃபெக்டா கூடியிருக்கு! இனி கால ஊனி நடக்கலாம்." அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிட்டது. பையன் அம்மாவின் புடவைத் தலைப்பை விடவில்லை. கீழே ரோட்டில் ஏதோ ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது. அம்மா எழுந்து, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, கதவு வரை போய், நின்று, திரும்பி, "சார்... ராத்திரியில..." என்று ஆரம்பிக்கிறார்.